மடி உதறும் வாசல்

பழைய மாளிகையையும் தோட்டத்தையும் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள் என்று காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போன என்னை, அங்கே வீசிய மனோரஞ்சித வாசனை, அம்மா அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய அறுபதுகளுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இப்போது சுவர் வைத்து அடைத்துவிட்ட பின்வாசலில், அப்போதெல்லாம் சாயங்காலமானால் ஈரச் சேலையும் சேற்றுக் காலுமாகத் தோட்டத்துப் பெண்கள் வரிசை கட்டி, பூ எதையும் எடுக்கவில்லை என்று காட்ட மடியை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒருநாள் அம்மா உதறவில்லை.

"உதறு. இல்லன்னா நாளைக்கு வேலை கிடையாது," என்றார் காவல்காரர்.

"உதற மாட்டேங்க. நாளைக்கும் வருவேன்."

பின்னால் நின்ற மாதம்மாக்கா சிரித்தாள். "அவள நிறுத்துனா நாங்களும் நின்னுக்கறோம். கெணத்துல நீங்களே தண்ணி சேந்துங்க மாமா."

மறுநாள் அம்மா விடியுமுன்பே போனாள். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். சாயங்காலம் பெண்கள் எல்லோரும் மடியை உதறாமல் கையை வீசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.