காகித ஹாலாஸ்யம்

திருப்பரங்குன்றத்தில் டவுன் பஸ் திரும்புகிற இடத்தில், தகரத்தால் அடித்த ஒரு டைம் ஆபீஸ் இருந்தது. உள்ளே ஒரு பெஞ்ச், ஒரு ஸ்டூல், சுவரில் கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே மலையாண்டி அண்ணன். ஸ்டூலாவது சில நாள் இடம் மாறியிருக்கும். அவர் மாற மாட்டார். மதியம் இரண்டிலிருந்து ஒன்பது வரை, வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வந்த நேரமும் போகிற நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நான் காளை, சிம்மக்கல் வண்டியில் கண்டக்டர். ஒரு ஷிப்டுக்கு நாலைந்து தடவை அவர் முகத்தில் முழிப்பேன்.

"என்னண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "மூணு நிமிசம் லேட்டு" என்று பதில் வரும்.

எனக்கு யார் குரலும் அரை நாளில் வந்துவிடும். செக்கருடைய "டிக்கெட்டு, டிக்கெட்டு... அந்த மஞ்சச் சட்டை, குனியாத, பாத்துட்டேன்!" வரும். எங்கள் டிரைவர் பேச்சிமுத்துவின் "ஏறு, இல்லாட்டி எறங்கு, படியில நின்னு குடும்பம் நடத்தாத" வரும். மலையாண்டி அண்ணனுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது. அவர் குரலில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கடைசியில் கண்டுபிடித்தேன். எதைப் பேசுவதற்கு முன்னாலும் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார். அதை மட்டும் செய்து காட்டினால் டெப்போவே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவருக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இருந்த காட்டு நிலத்தைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பஸ்ஸுக்கு வந்தவர். இரண்டு தங்கச்சிகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நாற்பது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பெண் பார்க்கிற யோசனை யாருக்கும் வரவில்லை, அவரும் நினைவுபடுத்தவில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம். சாப்பாடு மெஸ்ஸில். தீபாவளிக்கு மற்றவர்கள் லீவு கேட்டு அடித்துக்கொள்ளும்போது, இவர் பெயரை ட்யூட்டியில் எழுதிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. செஸ். அதற்கு ஒரே ஒரு ஆள். ஹாலாஸ்யம்.

ஹாலாஸ்யம் ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க், வீடு சிம்மக்கல். 1970-இல் ஒரு கார்த்திகைக்குக் கோயிலுக்கு வந்தவர், வண்டியைத் தவறவிட்டு டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே பலகையைப் பார்த்தார். "ஓய், ஒரு ஆட்டம் போடலாமா?" என்றார். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள், பதினோரு வருஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார், எட்டு ஐம்பது கடைசி வண்டியில் போவார். ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம். பஸ் வந்தால் மலையாண்டி அண்ணன் எழுந்து கையெழுத்துப் போடுவார், திரும்ப உட்காருவார். இரண்டு பேரும் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. ஹாலாஸ்யம் காயில் விரலை வைத்துக்கொண்டு "இருக்கட்டும்... இருக்கட்டும்..." என்று மூக்கால் இரண்டு தடவை சொல்வார், அவ்வளவுதான்.

வேலைப் பழக்கம் விடுமா? ஒவ்வொரு ஆட்டத்தையும் மலையாண்டி அண்ணன் நோட்டில் எழுதி வைத்தார். எந்தக் காய், எந்தக் கட்டம், பக்கத்திலேயே மணி, நிமிஷம். தகரச் சுவரில் சாக்பீஸால் மொத்தக் கணக்கு: ம 1040, ஹா 611.

"அண்ணே, நீங்க எதுலயாச்சும் முன்னால நிக்கிறது இந்த ஒண்ணுலதான்" என்று சீண்டுவேன். கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். புதிதாக வருகிற டிரைவர்களுக்குக்கூட அந்தச் சுவரைக் காட்டுவார்.

1981-இல் ஹாலாஸ்யம் ரிட்டயர் ஆகி நாக்பூருக்கு மகனிடம் போய்விட்டார். மறு வாரம் முழுக்க ஆறு மணிக்குப் பலகை பெஞ்சில் விரிந்திருந்தது. எதிரே ஸ்டூல் காலி. டெப்போவில் ஒருத்தருக்கும் ஆடத் தெரியாது. எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே சந்தேகம்.

அடுத்த வருஷம் என் வண்டியில் யாரோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை விட்டுவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் கிடக்கிற சாமானெல்லாம் டைம் ஆபீஸுக்குத்தான் வரும். ஒரு குடை, ஒரு டிபன் கேரியர் மூடி, ஒற்றைச் செருப்பு, அதோடு இதுவும். மூன்று மாதம் யாரும் கேட்டு வரவில்லை. அண்ணன் எடுத்துப் பிரித்தார். கம்ப்யூட்டர் எப்படிச் செஸ் ஆடுகிறது என்று அதில் ஒரு கட்டுரை. டிக்ஷனரி வாங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து படித்தார். பிறகு ஒரு நாள், பேசாத மனுஷன் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க வா. கம்ப்யூட்டர்னா பெட்டி வேணும்னு இல்ல. பேப்பர் போதும்."

"என்னண்ணே சொல்றீக?"

"இப்ப ஒருத்தன் ஆடுறதுக்கு முப்பது வழி இருக்குன்னு வையி. முப்பதையும் எழுதணும். ஒவ்வொண்ணுக்கும் எதிராளி என்னென்ன பதில் ஆடலாம்னு எழுதணும். அங்கன நிப்பாட்டி, பலகையில மிச்சம் இருக்கிற காய்க்குப் புள்ளி போடணும். ராணி ஒம்போது, யானை அஞ்சு, மந்திரி மூணு, குதிரை மூணு, சிப்பாய் ஒண்ணு. தன் புள்ளியில அவன் புள்ளியக் கழி."

"கழிச்சு?"

"எதிராளி சும்மா இருப்பானா? நமக்கு எது ரொம்ப மோசமோ அதைத்தான் ஆடுவான். ஒவ்வொரு வழியிலயும் அந்த மோசம் எம்புட்டுன்னு பாரு. எதுல கம்மியோ, அந்த வழியில போ."

"இதுக்கு எதுக்குண்ணே கம்ப்யூட்டரு? எங்கம்மா தெனமும் இப்பிடித்தான யோசிக்குது."

அவர் சிரிக்கவில்லை. பழைய டிரிப் ஷீட்டுகளைச் சீட்டு சீட்டாகக் கிழித்து அடுக்கியிருந்தார். முப்பதுக்கு முப்பது, தொள்ளாயிரம் சீட்டு. காகிதம் ஒரு காய் நகர்த்துவதற்கு.

"அம்புட்டும் எழுதுவீகளா?"

"வேண்டியதில்ல. வைகையில தண்ணி வந்து கல்பாலம் முங்கிருச்சுன்னா, அந்த ரூட்டுல அதுக்கப்புறம் எத்தனை ஸ்டாப்புன்னு எவனாச்சும் எண்ணுவானா? வேற ரூட்டு ஒண்ணு நல்லதாக் கையில இருக்கு. இந்த ரூட்டுல ஒரு பதில் அதைவிட மோசமா விழுந்துச்சா, மிச்சப் பதிலப் பார்க்காமயே கட்டி வச்சிரலாம்."

அப்படிக் கட்டிக் கட்டி நூற்றைம்பது, இருநூறு சீட்டுக்குக் கொண்டுவந்தார். காகிதம் ஒரு காய் நகர்த்த ஒரு சாயங்காலம் ஆகும். முதல் ஆட்டத்தில் அது மகா பயந்தாங்கொள்ளியாக இருந்தது. குதிரை காவல் காக்கிற சிப்பாயைக்கூட இவருடைய ராணி தின்றுவிடும் என்று நடுங்கியது. தின்றால் அந்த ராணியைக் குதிரை வெட்டிவிடும் என்பது அதற்குத் தெரியாது, எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது. விதிகளை எழுதி வைத்திருந்த அட்டையில் ஒரு வரி சேர்த்தார்: 'வெட்டு நடக்கும்போது நிறுத்தாதே, வெட்டி முடியும் வரை பார்.' அதற்குப் பிறகு காகிதத்துக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வந்தது.

இன்னும் சில வரிகள் சேர்ந்தன. குதிரைக்கு நாலு புள்ளி. ஓரத்துச் சிப்பாய் நகர்ந்தால் அரை. ராணியை மாற்றிக்கொண்டால் இரண்டு குறை.

"என்னண்ணே, பத்திரிகையில குதிரைக்கு மூணுன்னுதான போட்டிருந்துச்சு?"

"அவருக்கு நாலு. குதிரைய விட மனசு வராது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கம்ப்யூட்டர் செய்யவில்லை. ஹாலாஸ்யத்தைச் செய்துகொண்டிருந்தார். நான் தொண்டையால் செய்வதை அவர் புள்ளியால் செய்தார். நானும் சும்மா இருக்கவில்லை. காகிதம் தேர்ந்தெடுத்த சீட்டைக் கையில் வாங்கி, மூக்கால் படித்தேன்.

"ஓய் மலை... இருக்கட்டும்... இருக்கட்டும்... குதிரை முன்னால வரது ஓய்."

அவர் கை பலகை மேலேயே நின்றது. முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் பேசினார்.

"'முன்னால'ங்கிறத இன்னும் கொஞ்சம் இழுப்பாரு மாப்ள."

அதிலிருந்து ஒவ்வொரு டிரிப்பிலும் சீட்டு இருந்தால் நான் குரல் கொடுக்க வேண்டும். பேச்சிமுத்து ஹாரன் அடிப்பார். "டேய் காளை, அய்யரே, வண்டிக்கு வாங்க!"

ஆனால் காகிதம் நிஜமாகவே ஹாலாஸ்யம் மாதிரி ஆடுகிறதா? அது தெரியாமல் அவருக்கு நிம்மதி இல்லை. நோட்டுகளைப் பிரித்தார். பழைய ஆட்டங்களில் இருந்து நாற்பது நிலைமைகளை எடுத்து, காய்களை அப்படியே அடுக்கி, காகிதத்தைக் கேட்டார். அது சொன்னதையும் அன்றைக்கு ஹாலாஸ்யம் ஆடியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். எட்டு மாதம் ஆயிற்று. முப்பத்தொன்று பொருந்தியது. ஒன்பது பொருந்தவில்லை.

அந்த ஒன்பது சீட்டையும் பெஞ்சில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்த அன்று நான் ஆறரை டிரிப்பில் போனேன்.

"ஒம்போதுலயும் அவர்தான் முன்னால இருக்காரு, மாப்ள. ஒம்போதுலயும் செயிக்கிற காய் கண்ணு முன்னால நிக்கிது. காகிதத்துக்கே தெரியுது. அவர் ஆடல. ஓரத்துச் சிப்பாயத் தள்ளிருக்காரு."

"கவனிச்சிருக்க மாட்டாருண்ணே."

"மணியப் பாரு."

பார்த்தேன். ஆறே முக்கால். ஏழு பத்து. ஏழரை. ஒன்பதும் எட்டுக்கு முன்னால்.

"எட்டரைக்கு மேல இதே மாதிரி நிலைமை ஆறு எடுத்துப் பார்த்தேன். ஆறுலயும் வெட்டிருக்காரு. யோசிக்கவே இல்ல."

அட்டையில் இன்னொரு வரி எழுதியிருந்தார்: 'எட்டரைக்கு முன் ஆட்டம் முடியாமல் இருக்க, ஐந்து.' அதைச் சேர்த்து மறுபடி போட்டால் ஒன்பதும் அப்படியே பொருந்திவிட்டது என்றார். இப்போது காகிதம் அச்சு அசல் ஹாலாஸ்யம். அவர் பார்வை கடிகாரத்துக்குப் போகவில்லை. சுவரில் இருந்த 1040-க்குப் போயிற்று.

நான் ஒரு சீட்டை எடுத்து, "ஓய் மலை..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் குரல் வேணாம். வண்டிய எடு."

காயைப் பெட்டியில் போட்டுவிட்டார். சீட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி பெஞ்சுக்குக் கீழே தள்ளினார். நாக்பூருக்கு ஒரு கார்டு எழுதிக் கேட்டுவிடுங்கள் என்றேன். "எழுதிக் கேக்குற சமாச்சாரமா இது? ஆடிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

ஆவணியில் ஹாலாஸ்யமே வந்தார், மருமானுக்குக் கல்யாணம். வருகிறேன் என்று முன்னாலேயே கார்டு போட்டிருந்தார். எனக்கு அன்று வார லீவு. அசலைப் பார்க்காமல் இருக்க முடியாமல் நானும் போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மெலிந்திருந்தார்.

"என்னய்யா மலை, சௌக்கியமா?"

"இருக்கேன் சாமி. உக்காருங்க."

"இந்தப் பிள்ளையாண்டான்தான் என் குரல்ல பேசறவனா? வண்டியில சொன்னா. எங்கே, பேசும் பார்க்கலாம்."

பேசினேன். முகம் கோணியது. "நான் இவ்வளவு மூக்காலயா பேசறேன்?" என்று மூக்காலேயே கேட்டார்.

அவ்வளவுதான் பேச்சு. பலகை விரிந்தது. மலையாண்டி அண்ணன் காயைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாற்பதுக்கு ஹாலாஸ்யத்தின் குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் யானையையும் சேர்த்து மிரட்டலாம் என்று ஒரு நிலைமை வந்தது. எனக்கே தெரிந்தது. விரல் குதிரை மேல் போயிற்று. "இருக்கட்டும்... இருக்கட்டும்..." விரல் அங்கிருந்து எழுந்து ஓரத்துச் சிப்பாய்க்குப் போயிற்று.

"குதிரை, சாமி" என்றார் மலையாண்டி அண்ணன்.

"எது? ஓ... பார்க்கலை ஓய்."

"பாத்தீக. பதினோரு வருசமாப் பாத்தீக. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

ஹாலாஸ்யம் கையை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே ஒரு வண்டி வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. மலையாண்டி அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் டிரைவரை இருக்கச் சொன்னேன்.

"ஏன் சாமி? எம் மேல பரிதாபமா?"

"பரிதாபமாவது! ஏழு மணிக்கே முடிச்சுட்டா, எட்டு அம்பது வரைக்கும் ரெண்டு பேரும் என்னய்யா பேசறது? நேக்குப் பேச வராது. உமக்கும் வராது."

"வெட்டுங்க."

"மலை..."

"ஒரு ஆட்டமாச்சும் நெசமா ஆடுங்க சாமி."

குதிரை தாவியது. யானை போயிற்று. அதற்குப் பிறகு ஹாலாஸ்யம் ஒரு தடவைகூட 'இருக்கட்டும்' சொல்லவில்லை. அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. ஏழுக்கு மலையாண்டி அண்ணனின் ராஜா மாட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாக்பூரில் வெயில் அதிகமா என்று மலையாண்டி அண்ணன் கேட்டார். அதிகம் என்றார் ஹாலாஸ்யம். மெஸ்ஸில் சாப்பாடு பரவாயில்லையா என்று ஹாலாஸ்யம் கேட்டார். பரவாயில்லை என்றார் இவர். அதோடு தீர்ந்துவிட்டது.

"அடுத்த வண்டி எத்தனைக்கு ஓய்?"

நேரம் சொல்வது மலையாண்டி அண்ணன் கையில் இருந்தது. எட்டு ஐம்பதுதான் என்று சொல்லியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு அஞ்சு. இந்தா நிக்கிறதுதான்."

ஹாலாஸ்யம் எழுந்தார். படியேறும் முன் திரும்பிப் பார்த்து, "வரேன் மலை" என்றார். மலையாண்டி அண்ணன் டிரிப் ஷீட்டில் 7.05 என்று எழுதிக் கொடுத்தார்.

வண்டி போன பிறகு சுவரில் 611-ஐ அழித்து 612 எழுதினார். 1040-ஐத் தொடவில்லை. பெஞ்சுக்குக் கீழிருந்து சீட்டுக் கட்டை இழுத்து, கயிற்றை அவிழ்த்து, அட்டையை எடுத்து வைத்தார். அந்தக் கடைசி வரியை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அட்டையில் பேனாவை வைக்கவே இல்லை. காய்களை அடுக்கி, தன் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு, காகிதத்துக்காகச் சீட்டுப் புரட்ட ஆரம்பித்தார். நடுவில் வந்த வண்டிகளுக்குக் கையெழுத்து. திரும்பச் சீட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்ட சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டே முக்காலுக்கு ஒரு சீட்டை என் பக்கம் நீட்டினார்.

"குரலா, சும்மாவாண்ணே?"

கடிகாரத்தைப் பார்த்தார்.

"குரல்லயே சொல்லு."

"இருக்கட்டும்... இருக்கட்டும்..." என்றேன். "ஓரத்துச் சிப்பாய் ஓய்."

சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். பக்கத்தில் மணியை எழுதினார்.

"எட்டு அம்பது ஆச்சு. ஏறு மாப்ள, வண்டி கிளம்பட்டும்."