பக்கம் மாறிய விளக்குகள்

1. மின்வேலை படித்த நானே அண்ணையின் மோட்டார் வள்ளத்துக்குப் புதிதாகக் கம்பி இழுத்தேன்.
2. இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சையையும் மாற்றிப் பூட்டிவிட்டேன்.
3. கருக்கலில் எதிரே வந்த சூசை மாமா, எங்கள் வள்ளம் மறுபக்கம் திரும்புவதாக நினைத்து மோதினார். அவருடைய வள்ளம் பிளந்தது.

கரையில் மாமா நனைந்தபடி கத்தினார்: "உன்ரை பச்சையைப் பார்த்துத்தானேடா திருப்பினன்!"

"அந்தப் பக்கம் சிவப்பெல்லோ மாமா? தங்கச்சி படிச்சுப் பூட்டினது, பிழை வராது" என்றான் அண்ணை.

நான் வள்ளத்தைப் பார்த்தேன். மாமா சொன்னதுதான் சரி. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடிப்போய் விளக்குகளை அணைத்தேன்.

"அப்ப என்ரை கண்தான் போயிட்டுது, பிள்ளை" என்று மாமா என்னிடம் சிரித்தார்.

மறுநாள் விளக்குகளை மாற்றிப் பூட்டினேன். அவை இப்போது சரியாக எரிகின்றன. கண் தெரியவில்லை என்று மாமா கடலுக்குப் போவதில்லை. கரையில் வலை பொத்துகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.