பிள்ளை பிறந்தபோது ஊரில் இல்லாதவள்

"ரெண்டு விரல் துணி உள்ள விடுறேன். இல்லேன்னா அடுத்த மாசமே என்னைத் திட்டுவே" என்று சொல்லிக்கொண்டே, வயிறு தள்ளிய பெண்ணைச் சுற்றி அளவு நாடாவை ஓட்டுகிறாள் எங்கள் தெருத் தையல்காரி. அளவெடுத்து முடித்தாலும் விடமாட்டாள். தன் நாற்காலியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடியே விசாரணையைத் தொடங்குவாள். "இருமல் இருக்கா? மூச்சு வாங்குதா? இருந்தா இன்னிக்கே ஓடு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதே. நான் இருந்தேன்."

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். தையல் இயந்திரத்துக்கு மோட்டார் பூட்டியிருக்கிறாள். காலால் மிதித்தால் அவளுக்கு மூச்சு இரைக்கிறது. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. "நுரையீரல் பாதிதான் வேலை செய்யுது, நாக்கு முழுசா வேலை செய்யுது" என்று அவளே தன்னைக் கிண்டல் செய்துகொள்வாள்.

பெண்கள் கூடுகிற இடத்தில் பிரசவக் கதைக்குப் பஞ்சமா? வலி எப்போது கண்டது, பனிக்குடம் எங்கே உடைந்தது, எந்த நர்ஸ் எரிந்து விழுந்தாள் என்று ஆளுக்கொன்று அவிழ்த்துவிடுவார்கள். இவள் முறை வரும்போது கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல், "எம் பொண்ணு பொறந்தப்போ நான் ஊர்லயே இல்லீங்க" என்பாள். புதிதாக வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கொரோனா காலத்தில், ஏழு மாத வயிற்றோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். மயக்க மருந்து, தொண்டையில் குழாய், மூச்சுக்கு இயந்திரம். இரண்டு உயிரும் போய்விடும் என்ற நிலையில், அவளுக்குத் தெரியாமலே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். கண் விழித்தவள் முதலில் வயிற்றைத் தடவினாள். ஒன்றுமில்லை. கேட்கக் குரலும் இல்லை. நர்ஸ் கைபேசியில் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டினாள். "யார் பெத்ததையோ காட்டி என்னைச் சமாதானம் பண்றாங்கன்னு நெனச்சேன். கண்ணை மூடிக்கிட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும்.

குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தவள் நாத்தனார். பால், தூக்கம் எல்லாம் அவள் மடியில். தாய் வீடு திரும்பி, சுவரைப் பிடித்து நடந்து பழகுவதற்குள் பிள்ளைக்கு அந்த மடி பழகிவிட்டது. இன்றும் விழுந்தால் "அத்தே!" என்றுதான் அலறும். நாத்தனாரோ தங்கமான பெண். அதுதான் இவளுக்குப் பெரிய கஷ்டம். யாரைக் கோபித்துக்கொள்வது?

போன வாரம் பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். துணிக் குவியலில் புரண்டுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று எழுந்து, "அத்தே, நான் பொறந்தப்போ அழுதேனா?" என்று கேட்டது.

காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனாருக்கு நர்ஸ் சொல்லி எல்லாம் தெரியும். வாயைத் திறந்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "உங்கம்மாவைக் கேளு, கண்ணு."

பிள்ளை திரும்பியது. "நீ பாத்தியாம்மா?"

மோட்டார் நின்றது. ஊரார் முன் சொல்கிற வேடிக்கைப் பேச்சைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியுமா? பொய்யும் அவளுக்கு வராது.

"நான் பாக்கலடி" என்றாள். பிள்ளையை அருகே இழுத்து, தன் சட்டையின் ஓரத்தைத் தூக்கி, அந்தச் சின்னக் கையை அடிவயிற்றுத் தழும்பின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்தினாள்.