ராமுத்தாய் நிரப்பிக் கொடுத்த பாட்டில்

ராமுத்தாயை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பரிதாபமெல்லாம் அப்புறம். ஊருக்கு நல்ல தண்ணீர் கேட்டு நாலு வருஷமாக மனு எழுதி, திண்டுக்கல்லில் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியவன் நான். ஒரே மத்தியானத்தில் அம்புட்டையும் கவிழ்த்துவிட்டாள் மகராசி.

அவள் தோட்டத்துக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஷாப்பை மூடிப் பன்னிரண்டு வருஷமாகிறது. நாற்றம் போய்விட்டது, அவள் கிணற்றில் மஞ்சள் நிறம் போகவில்லை. மல்லிகைச் செடிகள் கருகின. திருப்பூருக்குப் போன புருஷன் போனவன்தான். களையெடுக்கப் போய்த்தான் மகள் பானுப்ரியாவைக் காலேஜ் வரை படிக்க வைத்தாள். ஆனாலும் வாய்க்குக் குறைச்சலில்லை. "வாங்கண்ணே, எங்க கிணத்துல டீ ரெடியா இருக்கு" என்பாள். குடிக்க வாரம் இரண்டு தடவை பஞ்சாயத்து லாரித் தண்ணீர் வரும்.

மகளைப் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கால் கழுவத் தொட்டிப் பக்கம் போனார். "இதுல பொழங்குற பிள்ளைக்கு நாளைக்கு என்ன பெறக்குமோ" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். பானுப்ரியா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்து ஆயக்குடியில் ஒரு இடம் கூடிவந்தது.

அந்தச் சமயம்தான் ஷாப்பு விலைக்கு வந்தது. வாங்குகிறவர்கள் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க ஆள் அனுப்பினார்கள். கேடு வெளியே பரவியிருந்தால் விற்கிறவர் விஷ மண்ணை அள்ள வேண்டும், எங்கள் பத்து வீட்டுக்கும் காவிரிக் குழாய் போட வேண்டும். வெளியே சோதித்துப் பார்க்க, ஊரில் தூர்க்காமல் மிச்சமிருந்தது ராமுத்தாய் கிணறு ஒன்றுதான்.

சோதிக்க வந்த ஜெஸ்ஸி சின்னப் பெண். கரண்ட் இல்லை. "அக்கா, கரண்ட் வந்ததும் மோட்டார கால்மணி நேரம் ஓடவிட்டு இதுல பிடிச்சு வைங்க" என்று பாட்டில்களைக் கொடுத்துவிட்டு, மண் எடுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். எட்டடியில் பச்சையும் நீலமுமாகச் சேறு வந்தது. மாட்டினான்டா என்று துள்ளினேன். மடப்பயல் நான், கிணற்றடியில் அல்லவா நின்றிருக்க வேண்டும்!

ரிப்போர்ட் வந்தது. உள்ளே மண் கெட்டிருக்கிறது, வெளியே கிணற்று நீர் சுத்தம். ஆகவே கேடு சுவரைத் தாண்டவில்லை, மேலே கான்கிரீட் போட்டால் போதும். நேராக ராமுத்தாய் வீட்டுக்கு ஓடினேன்.

"லாரித் தண்ணியத்தான் ஊத்திக் குடுத்தேன்ணே" என்றாள்.

"ஏத்தா, உனக்குக் கூறு கெட்டுப்போச்சா?"

"அந்தப் பிள்ள பாட்டில்ல என் பேரை எழுதிச்சு. கெட்ட தண்ணின்னு என் பேரோட பேப்பர்ல வந்தா ஆயக்குடிக்காரக திரும்பிப் பாப்பாகளா? கல்யாணம் முடியட்டும். நானே வந்து சொல்லிர்றேன்."

காலில் விழுந்தாள். வாயை மூடிக்கொண்டேன். அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் கல்யாணத்தை முடித்தாள்.

அதற்குள் ஷாப்பு கைமாறி, கான்கிரீட்டும் போட்டாயிற்று. "கிணத்துத் தண்ணி நல்லா இருக்குன்னு ரிப்போர்ட்டே இருக்கு, உங்களுக்கெதுக்கு லாரி?" என்று பஞ்சாயத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேருமாகப் போய் உண்மையைச் சொன்னோம். "புதுசா மனு போடுங்க" என்று அனுப்பினார்கள். இன்றைக்குப் பத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

போன வாரம் ஆயக்குடியில் பானுப்ரியாவுக்கு வளைகாப்பு. சாப்பாடு முடிந்ததும் மாமியார் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏனுங்க சம்பந்தி, புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானுங்க."

"நான் கூட்டிட்டுப் போகல" என்றாள் ராமுத்தாய்.

மாமியாரின் சிரிப்பு நின்றது. "பெத்த மகளுக்கு மூணு மாசம் சோறு போட முடியாதுங்களா?"

ரிப்போர்ட்டைக் காட்டிக் கட்டிக்கொடுத்த இடம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கப் பயம் என்று ராமுத்தாய் எப்படிச் சொல்வாள்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்ல வேண்டியபோது பேசாதவனுக்கு இப்போது எங்கிருந்து வாய் வரும்?

பானுப்ரியா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாரேன்மா. நம்ம வீட்டுக்கு வாரேன்."

"வராத."

கையை உதறிவிட்டு ராமுத்தாய் வெளியே நடந்தாள். "இவளும் ஒரு தாயா?" என்று உள்ளே யாரோ சத்தமாகவே கேட்டார்கள்.