இறங்கிய தோள்

போன மாதம் இறந்துபோன என் அண்ணன் கடைகளுக்கு ரோலிங் ஷட்டர் மாட்டிவந்தவன். பல வருடங்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கியே வேலை பார்த்ததில் அவன் தோள்கள் இரண்டும் காதருகே ஏறி நின்றுவிட்டன. தூங்கும்போதுகூட இறங்காது. "உங்கண்ணனுக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருந்ததைக் கல்யாண ஆல்பத்துலதான் பாக்கணும்" என்பாள் அண்ணி.

அந்தத் தோளுக்காகத்தான் தங்கையான என்னோடு ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்புக்கு வந்தான். பள்ளிக்கூட மாடியில் ஒரு ஹால், நீலப் பாய்கள், வியர்வை நாற்றம். ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவர் கையை இழுக்கக் கூடாது. தோளைத் தளரவிட்டு, இடுப்பைத் தாழ்த்தித் திரும்பினால் பிடித்தவர் தடுமாறி விழுவார். பலமெல்லாம் இடுப்பில், கை வெறும் கயிறு என்பார் மாஸ்டர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

அண்ணனுக்கு இடுப்பு வந்தது, கால் வந்தது, தோள் மட்டும் வரவில்லை. எல்லாவற்றையும் கையாலேயே இழுத்தான். 'இரும்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவனோடு ஜோடி சேரும் லாரி டிரைவர், "யோவ் இரும்பு, நான் என்ன ஷட்டரா? இந்த இழு இழுக்கறியே!" என்பார். ஹாலே சிரிக்கும். அண்ணனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தோளை இறக்கி இறக்கிப் பார்ப்பான். அவனுக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

ஒரு நாள் டிரைவர் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தார். அண்ணன் சும்மா திரும்பினான். அத்தனை பெரிய ஆள் என் காலடியில் வந்து விழுந்தார்.

"என்னய்யா பண்ணின? உன் கையில ஒண்ணுமே இல்லியே. புடிக்க எதுவும் கெடைக்கல!"

மாஸ்டர் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் விழுந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். அண்ணன் புதுமாப்பிள்ளை மாதிரி கூச்சப்பட்டான். அன்று வீட்டில் அண்ணிகூட, "ஐயோ, கழுத்து தெரியுது!" என்றாள்.

அப்புறம் வேலையில் அவன் வலது கையிலிருந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வலது கைக்குப் போகும் நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன, தசை கரைகிறது, இது பரவலாம், நிறுத்த மருந்தில்லை என்றார் டாக்டர். "எப்பலேருந்து கை தளர ஆரம்பிச்சது?"

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தளர்வுக்குத்தான் நாங்கள் கை தட்டியிருந்தோம்.

எவ்வளவு நாள் இருப்பேன் என்று அவன் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது இது ஒன்றைத்தான் கேட்டான்: "பாப்பா, அன்னிக்கு டிரைவரைத் தள்ளினது நானா, இந்த நோயா?"

மாஸ்டரிடமும் கேட்டான். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியலப்பா" என்றார்.

"இடது கை நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லியிருக்கார்" என்றான் அண்ணன். "அதுல தோள் இறங்கினா அது என்னுது. யாரும் கேள்வி கேக்க முடியாது."

வலது கையை இடுப்புப் பட்டைக்குள் சொருகிக்கொண்டு இடது கையால் பழகினான். மாதக்கணக்கில் பழகினான். அந்தத் தோள் பிடிவாதமாக மேலேயே நின்றது. பிறகு ஒரு சாயங்காலம் வகுப்பில் என்னைக் கூப்பிட்டான்.

"வா, புடி. அண்ணனாச்சேன்னு பாவம் பாத்து விழுந்தே, தொலைச்சிடுவேன்."

"உனக்குப் போய் யாரு பாவம் பாப்பாங்க? ஒழுங்கா நில்லு."

இரண்டு கையாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவன் திரும்பியது தெரியவில்லை. கண் திறந்தால் மேலே மின்விசிறி சுற்றுகிறது.

"அண்ணா! வந்துருச்சுண்ணா!" என்று கத்தினேன். டிரைவர் விசிலடித்தார். ஹால் முழுக்கக் கைதட்டல்.

அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி விரல்களை மடக்கிக்கொண்டிருந்தான். மூன்று விரல்கள் மடங்கின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் அப்படியே நின்றன.