வெங்காயத் தொலியில் சுட்ட குவளை

எனக்குப் பொறுமை கிடையாது. இத்தனை வருடம் பசுமலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தும் அது வரவில்லை. ஓய்வு பெறும்போது, பள்ளியில் யாரும் தொடாமல் கிடந்த, மண்பாண்டம் சுடும் சின்ன மின்சாரச் சூளையைக் கேட்டு வாங்கிவந்து மொட்டைமாடி அறையில் வைத்தேன். "இனிமே சோத்தையும் அதுலயே வடிப்பியா?" என்று கேட்டார் என் கணவர். அப்போது அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன.

போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, காலும் மெல்லத் தேறிவிட்டது. வலது கைதான் அடம்பிடித்தது. அலுவலகத்தில் கையெழுத்துக்குப் பேர்போன மனிதர், அந்தக் கையைத் தன் கை என்றே சொல்வதில்லை. "அத எடுத்து மடியில வையி" என்பார், பக்கத்து வீட்டுப் பூனையைச் சொல்வது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிசியோதெரபிக்கு வந்த பெண் களிமண் பிசையச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே பிசைந்தவர், ஒருநாள் ஓர் உருண்டையை இடது கையால் குழித்து, வலது கையால் வெளியே சுற்றிப் பிடித்து ஒரு குவளை செய்தார். கோணல்மாணலாக இருந்தது. வெளிப்பக்கம் ஐந்து விரலும் பதிந்த பள்ளங்கள். "குப்பையில போடு" என்றார். அதோடு மண்ணையே தொடவில்லை. நான் போடவில்லை. காயவைத்து, ஒருமுறை வெறுமனே சுட்டு எடுத்துவைத்தேன். அது உடைந்தால் இன்னொன்று கிடைக்காது.

ஒருமுறை சுட்ட மண்பாண்டத்தின்மேல் வெங்காயத் தொலியும் தேங்காய் நாரும் சுற்றி, அலுமினியத் தாளில் இறுகப் பொதிந்து மறுபடி சுட்டால், உள்ளே அடைபட்ட புகை மண்ணில் ஏறி நிறமாகும் என்று படித்திருந்தேன். முதலில் என் கிண்ணங்களை வைத்துப் பார்த்தேன். அவசரக்குடுக்கை, சூட்டைக் குறைக்காமல் வழக்கம்போல ஏற்றிவிட்டேன். தாள் பொடிந்து, புகையெல்லாம் எரிந்துபோய், கிண்ணங்கள் சுண்ணாம்பாக வெளுத்து வந்தன. நாற்றம் மட்டும் தெருமுனை வரை போனது. "அக்கா, அடுப்புல என்னமோ கருகுது, பாருங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அவள் மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் ஒரே வாடை. மறுபடி துவைத்தாளே தவிர ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவைக் கூட்டியிருப்பேன். "அடுத்த தடவ முன்னாடியே சொல்லுங்கக்கா, எடுத்துப்புடுறேன்" என்றாள், அவ்வளவுதான்.

தொலிக்குப் புரோட்டாக் கடைதான் கதி.

"இம்புட்டுத் தொலிய வச்சு என்னக்கா செய்யப் போறீக?"

"ஒரு குவளை சுடப் போறேன் தம்பி."

கடைக்காரர் சிரித்தார். ஆனால் மறுநாள் பார்த்தால், ஈரத் தொலியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காய்ந்ததை மட்டும் ஒரு பை நிறையக் கட்டி வைத்திருந்தார். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமில்லை. நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அவருடைய குவளையைப் பொதிய உட்கார்ந்தேன். வெங்காயத் தொலி, தேங்காய் நார், வாழைப்பழத் தோல், காலையில் வடிகட்டிய காப்பிச் சக்கை. சக்கை சரியாகக் காயவில்லை. ஈரத்தோடு அந்த ஐந்து பள்ளத்திலும் அப்பிக்கொண்டது. சுரண்டி எடுக்கப் பொறுமையில்லாமல் அப்படியே தாளைச் சுற்றிவிட்டேன். சூட்டை இந்தத் தடவை பாதியிலேயே நிறுத்தினேன். சூளை ஆறும் வரை அதைத் திறக்காமல் இருந்தது நான் செய்த பெரிய தவம்.

மறுநாள் காலையில் தாளை உரித்தேன். குவளை உடையவில்லை. உடம்பெல்லாம் புகை ஓடிய சாம்பல் நிறம், அங்கங்கே தொலியின் பழுப்பு. சக்கை அப்பிய ஐந்து பள்ளங்கள் மட்டும் கருகருவென்று இருந்தன.

அவருடைய காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். இடது கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே கையால் வலது கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக அந்தக் கருப்பில் வைத்தார். சுட்டதில் மண் கொஞ்சம் சுருங்கியிருந்தும் ஐந்தும் உட்கார்ந்தன.

"என் கை" என்றார்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "என் கை இம்புட்டு அழுத்தமாவா புடிச்சிருந்துச்சு?" என்று கேட்டார்.