ஆறுதல் கிடைக்காமலே சாட்சி சொன்னவர்

சனிக்கிழமை காலை மீன் வாங்க நின்றுகொண்டிருந்தபோது பாஸ்டர் ஐயாவின் மனைவி அழைத்தார். "ஞானசெல்வம் டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே." கையில் எடுத்த சீலா மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆளா அவர்? கடைக்குப் போவதென்றால்கூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறவராயிற்றே.

தூத்துக்குடியில் ஒரே பள்ளியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் கணக்கு, நான் தமிழ். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு ஊர் பக்கத்திலிருக்கும் நாசரேத். ஞாயிறு ஆராதனைக்கும் ஒரே சபைதான். துக்க வீடென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். போனதும் பேசத் தொடங்கிவிடுவார். "கர்த்தர் காரணமில்லாம எதுவும் செய்ய மாட்டாரும்மா" என்பார். அந்தக் குரலில் அது எடுபடும். உங்களில் பலர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்திருப்பீர்கள்.

பிறகு துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி அவருடைய ஒரே மகன் ஜெபின் போனான். அக்கா சொல்லிவந்த அதே வார்த்தைகளைச் சபையே திரண்டு வந்து அவரிடம் சொன்னது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லோரும் போனபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, நான் இத்தனை வருசமா இதையா சொல்லிட்டுத் திரிஞ்சேன்? யாரும் என்னைய அடிக்காம விட்டாங்களே" என்றார்.

இனி கோயிலுக்கு வருவாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தார், பாடவில்லை. கஷ்டத்தைத் தாண்டியவர் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது நம் சபை வழக்கம். நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது, மனம் ஆறியது என்று முடிந்தால்தான் அது சாட்சி. ஜெபினின் முதல் வருஷ நினைவு வந்த ஞாயிறன்று அக்காவின் பெயரை அழைத்தார்கள். முன்கூட்டி யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு வருஷத்தில் ஆறியிருக்கும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு இன்னும் ஆறுதல் வரல. ஆண்டவர் மேல கோவமாத்தான் இருக்கேன். ஆனா கோவிச்சுக்கிட்டு வேற எங்க போக? இங்கனதான் இருப்பேன்." அவ்வளவுதான், போய் உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் பாஸ்டர் ஐயாதான் மெல்லச் சொன்னார். ஆராதனை முடிந்ததும் சில பெண்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மனம் ஆறிவிட்டது என்று முன்பே சாட்சி சொல்லியிருந்தவர்கள் அவர்கள்.

துன்பம் மனிதரைப் புடமிடும் என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நான் அதைக் கண்ணால் பார்த்தது அக்காவிடம்தான். பேச்சு குறைந்தது, வேலை கூடியது. துக்க வீட்டுக்கு அதற்குப் பிறகும் முதல் ஆளாகத்தான் போனார். ஆனால் நேரே அடுப்படிக்கு. பாத்திரம் கழுவுவார், வருகிறவர்களுக்குக் காப்பி போடுவார். அது எந்தச் சபை, எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்றெல்லாம் பார்க்கவில்லை. "வசனம் சொல்ல ஆளு நிறைய இருக்கு. காப்பி போடத்தான் ஆளு இல்ல" என்பார்.

என் கணவர் பக்கவாதம் வந்து விழுந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணை மூடி அடக்க ஒடுக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் அக்கா. "ஏளா, என்ன முணுமுணுக்கே, ஹெட்மாஸ்டருக்கு லீவு கேக்குத மாதிரி? வயித்தெரிச்சலச் சொல்லு. அவர் தாங்குவார்." வாய்விட்டு அழுதேன், கேட்கக்கூடாததையெல்லாம் ஆண்டவரிடம் கேட்டேன். அக்கா என் முதுகில் கை வைத்தபடி இருந்தார். கணவர் இன்றும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் எனக்கு ஜெபிக்க வந்தது அன்றுதான்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஜெபத்தைத்தான். அடக்க ஆராதனையில், அவரை அமைதியாக எடுத்துக்கொண்டதற்காக எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச காலம் எங்களோடு விட்டிருந்தால் உமக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. வருகிற ஞாயிறும் போய்க் கேட்பேன்.